கல்லூரிக்குள் கம்பெனிப் பாடங்கள்: நாலு வருடம் லேபில் நின்று பார்த்தவளின் மதிப்புரை

மே, ஜூன் வந்தால் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அந்தக் காலேஜ்ல பெரிய ஐடி கம்பெனியோட டை-அப் இருக்காம், பிள்ளையச் சேர்க்கலாமா மேடம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் சிவகாசிப் பக்கம் அச்சகத்திலோ பட்டாசு ஆலையிலோ வேலை பார்க்கிற அப்பா அம்மாக்கள். வீட்டிலேயே முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடத்தில் அவசரமாகச் சொல்லி வைத்ததை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். சில இடங்களில் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். 2022 மார்ச் 1ஆம் தேதி தமிழக அரசு நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம்தான் அதை நடத்துகிறது. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் கல்லூரிகளோடு சேர்ந்து நடத்துகிற இந்தப் பாடங்கள் எங்களைப் போன்ற ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன. அதற்கு முன்னால் இதெல்லாம் சென்னை, கோயம்புத்தூர் பெரிய இன்ஜினியரிங் கல்லூரிகளின் சமாச்சாரம். இப்போது எங்கள் மாணவர்களுக்கும் கைக்காசு செலவில்லாமல் பாடம் கிடைக்கிறது, அது கிரெடிட்டாக மார்க் ஷீட்டிலும் ஏறுகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே திட்டத்தை நான் மனசாரப் பாராட்டுவேன். எங்கள் துறையில் இந்தப் பாடங்களுக்கு ஸ்பாக், அதாவது தொடர்புக்கான பொறுப்பாளர், நான்தான். கம்பெனிக்கும் கல்லூரிக்கும் நடுவில் நின்று லாகின் வாங்கிக் கொடுப்பது, வருகைப்பதிவு அனுப்புவது, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மறுபடி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அந்த வேலையில் சேர்த்தி. அரசுத் திட்டம் வழியாக வந்தது, கல்லூரி தானாகக் கையெழுத்துப் போட்டது, நானாகத் தேடிப் பிடித்தது என்று இதுவரை ஏழு பாடங்கள் பார்த்துவிட்டேன். அதில் மூன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி. 1997இலிருந்து நடக்கிறது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்விட்சும், ஒரு வலையை இன்னொரு வலையோடு இணைக்கிற ரவுட்டரும் விற்கிற கம்பெனி, அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களை உருவாக்கக் கல்லூரிகளோடும் பள்ளிகளோடும் சேர்ந்து நடத்துகிற பாடம். இதில் எனக்கு மிகப் பிடித்தது பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள். இலவசம். எங்கள் லேபில் இருக்கிற 4 ஜிபி ரேம் கணினிகளிலேயே ஓடிவிடுகிறது. நிஜமான ரவுட்டரும் ஸ்விட்சும் வாங்கி வைக்க எங்கள் கல்லூரிக்கு வசதி இல்லை. இதில் திரையிலேயே ஸ்விட்சை இழுத்து வைத்து, கேபிள் மாட்டி, கணினிகளை இணைத்துப் பார்க்கலாம்.

முதல் வகுப்பு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஒரு ஸ்விட்ச், இரண்டு கணினி, நடுவில் கேபிள். மாட்டியவுடன் ஸ்விட்ச் பக்கத்தில் ஆரஞ்சு வட்டம் தெரியும். உடனே பத்துக் கைகள் மேலே போகும். "மேடம், எனக்கு வேலை செய்யல." நான் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தைக் காட்டுவேன். முப்பது விநாடி கழித்து வட்டம் பச்சை முக்கோணமாக மாறும். அந்த முப்பது விநாடி ஸ்விட்ச் என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கேபிளைத் திறந்துவிட்டால் வலையில் எங்காவது சுற்றிச் சுற்றி வருகிற வளையம் உண்டாகுமா என்று 15 விநாடி கவனிக்கிறது, இன்னொரு 15 விநாடி யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறது. புத்தகத்தில் இது இரண்டு பக்கம், பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆரஞ்சு பச்சையானதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறப்பதே இல்லை.

அப்புறம் ரவுட்டர். மாட்டியவுடன் இரண்டு பக்கமும் சிவப்பு முக்கோணம். ரவுட்டரின் போர்ட் வாங்கும்போதே அணைத்துத்தான் இருக்கும், 'நோ ஷட்டவுன்' என்று கட்டளை கொடுத்தால்தான் விழிக்கும். வகுப்பில் பாதிப்பேர் இதை மறப்பார்கள், மூன்றாவது வாரத்தில் ஒருவரும் மறக்கமாட்டார்கள். எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கணினிக்கு பிங், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்கிற சின்னச் செய்தி, அனுப்பினால், முதல் பிங் பதில் இல்லாமல் போகும், அடுத்த மூன்றும் ஒழுங்காக வரும். ஏன்? ஐபி முகவரி தெரிந்தாலும் அது எந்த இயந்திரம் என்று ரவுட்டருக்கு இன்னும் தெரியாது. தெருவில் நின்றுகொண்டு "இந்த நம்பர் வீடு யாருது?" என்று சத்தம் போட்டுக் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பெயர் ஏஆர்பி. பதில் வருவதற்குள் முதல் பொட்டலத்தை ரவுட்டர் கைவிட்டுவிடுகிறது. இந்த மென்பொருளில் அந்தப் பொட்டலம் ஒரு கடிதஉறை மாதிரி கேபிள் மேல் நகர்ந்து போவதை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். போன வருடம் ஒரு பெண் அந்தக் கடிதஉறை நடுவழியில் நின்று, கேள்வி மட்டும் தனியாகக் கிளம்பிப் போவதைப் பார்த்துவிட்டு, "ஓ, இதுதான் ஏஆர்பியா" என்றாள். ஆறு மாதம் முன்னால் அதே விஷயத்துக்கு இன்டர்னலில் பத்துக்கு ஒன்பது வாங்கியவள் அவள்!

வகுப்பு முடியும்போது எங்கள் கல்லூரியின் நாலு கட்டடங்களையே கணக்காகக் கொடுப்பேன். 192.168.10.0 என்ற ஒரே வலையை நாலாகப் பிரி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் 64 முகவரி, அதில் பயன்படுத்தக்கூடியது 62, அலுவலகத்தில் இருப்பவர்கள் லேபுக்குள் வரக்கூடாது. இதைச் செய்து முடித்தவர்களில் ஒருவன் மதுரையில் ஒரு சின்ன நெட்வொர்க் நிறுவனத்துக்கு இன்டர்வியூ போனான். வெள்ளைத்தாளில் இதே மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள், போட்டுவிட்டான், சேர்ந்துவிட்டான். சான்றிதழைக் கேட்கவே இல்லையாம்.

இந்தப் பாடம் ஏன் நன்றாக நடக்கிறது என்று யோசித்தால், மென்பொருள் ஒரு காரணம் என்றால் அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. நடத்துகிறவர் முதலில் அந்தப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். மாணவர்களுக்கு வைக்கிற அதே வினாக்களுக்கு நானும் இரவு உட்கார்ந்து பதில் எழுதினேன், அதே லேப் பயிற்சிகளைச் செய்தேன், இரண்டு இடத்தில் தவறும் செய்தேன். அதனால்தான் ஒரு மாணவன் எங்கே மாட்டிக்கொள்வான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. கம்பெனி ஆள் யாரும் எங்கள் லேபுக்கு வந்ததில்லை, வரத் தேவையும் இருக்கவில்லை. நான் நாளைக்கே வேறு ஊருக்கு மாறினாலும் என்னோடு பயிற்சி முடித்த இன்னொரு ஆசிரியர் இங்கே இருப்பார்.

குறையும் உண்டு. பாடத்தை முடித்ததும் கிடைப்பது முடித்ததற்கான சான்றுதான். சிசிஎன்ஏ என்று வெளியில் மதிக்கிற சான்றிதழுக்குத் தனியாகப் பரீட்சை எழுத வேண்டும், கட்டணம் 300 டாலர், நம் காசில் 25,000 ரூபாயைத் தாண்டுகிறது. இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் தள்ளுபடி உண்டு, இருந்தாலும் மீதியைக் கட்ட எங்கள் பிள்ளைகளுக்கு முடியாது. இந்தக் கட்டணத்தை முழுசாக யாராவது ஏற்றுக்கொண்டால், கல்லூரிக்கு வருடத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் போதும், அவர்கள் வாழ்க்கையே மாறும்.

இரண்டாவது, அமேசான் நடத்துகிற ஏடபிள்யூஎஸ் அகாடமி. இதைப் பற்றிக் கொஞ்சம்தான். இதில் லேர்னர் லேப் என்று ஒன்று தருகிறார்கள். லேபைத் தொடங்கியதும் மேலே ஒரு சின்ன வட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, பச்சையானதும் நிஜமான மேகக்கணினி, அதாவது அமேசானின் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்குப் பயன்படுத்துகிற வசதி, கைக்கு வந்துவிடும். எங்கள் மாணவர்களுக்குத் தலைக்கு 50 டாலர் வரம்பு, எவ்வளவு தீர்ந்தது என்று திரையிலேயே காட்டிக்கொண்டிருக்கும். தீர்ந்துவிட்டால் கணக்கு மூடிவிடும், செய்து வைத்த வேலையும் போய்விடும். இதை முன்பே தெளிவாகச் சொல்லியும் விடுகிறார்கள். ஒரு மாணவி தன் புராஜெக்டில், உள்ளே இருக்கிற கணினிகள் இணையத்துக்குப் போக வழிவிடுகிற நாட் கேட்வே என்ற ஒன்றைப் போட்டுவிட்டு, அதை நீக்காமல் மூன்று வார லீவுக்கு ஊருக்குப் போய்விட்டாள். அது யாரும் பயன்படுத்தாமல் இருந்தாலும் மணிக்கு நாலரை சென்ட் எடுத்துக்கொள்ளும், அதாவது ஒரு நாளைக்கு ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேல். திரும்பி வந்தபோது மிச்சம் இருந்த 20 டாலரும் போயிருந்தது. அழுதாள். அப்புறம் புதுக் கணக்கில் இரண்டு சாயங்காலத்தில் எல்லாவற்றையும் மறுபடி கட்டினாள், முதல் தடவை மூன்று வாரம் எடுத்த வேலை அது. இப்போது லேபை மூடும்முன் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிச் சரிபார்க்கிற பழக்கத்தை அவள்தான் வகுப்பு முழுக்கப் பரப்பினாள். மேகக்கணினி வைத்துப் பிழைக்கிற எந்த ஆபீசிலும் இந்தப் பழக்கத்துக்கு மரியாதை உண்டு. சொந்தமாகச் செய்து, சொந்தமாகத் தவறி, அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் வராத ஓர் இடம்: மாணவனுக்குத் தேவை அதுதான்.

மூன்றாவது பாடத்தின் கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் இது ஒரு கம்பெனியின் தவறு என்று முடித்துவிட்டால் விஷயம் கைநழுவிவிடும், ஏனென்றால் இதே மாதிரி நடந்ததை இன்னும் மூன்று நாலு கல்லூரி நண்பர்களிடமும் கேட்டுவிட்டேன். டேட்டா அனலிட்டிக்ஸ் பாடம். பெயரைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். 240 பேரை செமினார் ஹாலில் உட்கார வைத்து, திரையில் வீடியோ வழியாக ஒருவர் நடத்தினார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை, அவரே படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவர், ஒரே நேரத்தில் ஆறு கல்லூரிக்கு நடத்திக்கொண்டிருந்தார். செமஸ்டர் முடிவதற்குள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்தே தொடங்கினார்கள். கடைசி வரிசையில் இருந்த பெண்ணுக்குத் திரையில் இருந்த கோட் எழுத்தே தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவளின் செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். லேபில் செய்து பார்க்கலாம் என்றால், 60 கணினிக்கும் ஒரே இணைய இணைப்பு, அந்தத் தளமோ பிரவுசரில் மட்டும்தான் ஓடும். இருபதாவது ஆள் லாகின் செய்யும்போது எல்லோருக்கும் சுற்றிக்கொண்டே நின்றுவிடும்.

கடைசியில் புராஜெக்ட். ஐந்து கட்டமாக ஏற்றச் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் படித்தேன். 41 குழுவில் 30க்கும் மேற்பட்ட குழுக்களின் முதல் பக்கத்தில் ஒரே எழுத்துப்பிழை, அதே வரியில், அதே சொல்லில். யாரோ முந்தின வருடம் எங்கோ ஏற்றி வைத்ததை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சான்றிதழ் வந்துவிட்டது. ஏற்றியதைக் கம்பெனியில் ஒருவராவது திறந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒருவர்கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காத ஒன்றை, ஒரு வாரக் கெடுவில் செய்து கொடு என்றால் அவர்கள் என்னதான் செய்வார்கள்? என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. நேர்மையாகத் தாங்களே செய்த ஒரு குழு இருந்தது, மூன்று பெண்கள், சிவகாசி காலண்டர் ஆர்டர்கள் எந்த மாதத்தில் எவ்வளவு வருகிறது என்று ஒரு சின்ன அச்சகத்தின் பழைய பில்களை வைத்து எண்ணியிருந்தார்கள். கணக்கு எளிமையானது, கிராஃப் கொஞ்சம் கோணலாக இருந்தது. அவர்களுக்கும் அதே சான்றிதழ், அதே மதிப்பெண். "நாங்களும் டவுன்லோட் பண்ணியிருக்கலாம் போல மேடம்" என்று ஒருத்தி சொன்னபோது எனக்குப் பதில் இல்லை.

இந்த மூன்றாவது பாடத்தில் எங்கள் துறை ஆசிரியர்கள் ஒருவருக்கும் கம்பெனி பயிற்சி தரவில்லை. ஹாலில் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பங்கு. ஒரு மாணவன் சந்தேகம் கேட்டால், எனக்கும் அந்தத் தளத்தில் லாகின் இல்லை. பாடம் முடிந்ததும் தளம் மூடிவிட்டது, கல்லூரியில் ஒன்றுமே தங்கவில்லை. நாலு வருடம் பார்த்ததில் நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான்: ஆசிரியரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு மாணவருக்கு மட்டும் நடத்துகிற ஒப்பந்தம் அந்த செமஸ்டரோடு போய்விடும். ஆசிரியரைத் தயார்செய்கிற ஒப்பந்தம் அடுத்தடுத்த பேட்ச்களுக்கும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இது தெரியாத விஷயமும் இல்லை. இன்போசிஸ் 2004இல் கேம்பஸ் கனெக்ட் தொடங்கியபோது கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதில் முக்கியமான பகுதி. விப்ரோ 2007இல் தொடங்கிய மிஷன் 10 எக்ஸ் முழுக்க இன்ஜினியரிங் ஆசிரியர்களுக்கானது. மத்திய அரசும் தமிழக அரசும் தொழில்துறையும் சேர்ந்து 2009இல் ஏற்படுத்திய ஐசிடி அகாடமியும் ஆசிரியர் பயிற்சியைத்தான் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு ஐந்து நாள் பயிற்சிக்குப் போயிருக்கிறேன், அதில் வாங்கிய குறிப்பு நோட்டு இன்றும் என் மேஜையில் இருக்கிறது. இப்போது பாடம் நேரடியாக மாணவன் திரைக்கே போய்விட முடிவதால், நடுவில் ஆசிரியர் எதற்கு என்ற எண்ணம் வந்துவிட்டதோ என்று எனக்குப் படுகிறது.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாடம் எல்லாமே ஆங்கிலத்தில். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வருகிற பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் வீடியோ ஓடும், மண்டையில் ஏறாது. மும்பை ஐஐடி நடத்துகிற ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பலவற்றுக்குத் தமிழ்க் குரலே இருக்கிறது. பத்து நிமிடம் ஓடுகிற சின்னச் சின்னப் பாடங்கள், கேட்டுக்கொண்டே பக்கத்தில் செய்து பார்க்கலாம். அரசுப் பணத்தில் நடக்கிற ஒரு திட்டத்தால் முடிகிறதென்றால் பெரிய கம்பெனிகளால் முடியாதா என்ன? அது வரும்வரை தமிழில் விளக்குகிற வேலை எங்களுடையதுதான், அதற்கும் ஆசிரியருக்கு முதலில் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் காசு வாங்குகிற ஒப்பந்தங்கள். என் அக்கா மகள் வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள், பெயர் வேண்டாம். பீஸ் ரசீதில் 'சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்று ஒரு வரி, வருடத்துக்கு 18,000 ரூபாய். என்னவென்று போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் பெரிய லோகோ. உள்ளே நடப்பது, அந்தக் கம்பெனியின் தளத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்து இலவசமாகப் படிக்கக்கூடிய பாடம். அக்கா நகை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. கையெழுத்துப் போடும்முன் அந்த வரிக்கு என்ன தருகிறீர்கள் என்று தயவுசெய்து கேளுங்கள், இலவசமாகக் கிடைப்பதா என்று போனிலேயே தேடிப் பாருங்கள்.

கல்லூரி ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கிற நாக் அமைப்பு மதிப்பீடு செய்யும்போது, செயல்பாட்டில் இருக்கிற ஒப்பந்தங்கள் எத்தனை என்று கேட்பார்கள், அந்த எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. அதனால் எல்லாக் கல்லூரியிலும் சால்வையும் ஃபைலுமாக எடுத்த போட்டோ இருக்கும். பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் அலுவலகத்தில் கேட்பதைவிட, மரத்தடியில் நிற்கிற மூன்றாம் வருடப் பிள்ளை ஒருவரிடம் கேளுங்கள். அந்தப் பாடத்தில் நீயே செய்தது ஏதாவது இருந்தால் காட்டு தம்பி என்று. போனிலோ லேப்டாப்பிலோ எடுத்து ஆர்வமாகக் காட்டினால் அங்கே பாடம் நடக்கிறது. சான்றிதழை மட்டும் காட்டினால் யோசியுங்கள். லேப் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்றும் கேளுங்கள். மூன்றரைக்குப் பூட்டுகிற லேபில் எந்தக் கம்பெனி வந்தும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: சான்றிதழைப் பார்த்து மட்டும் வேலை கொடுத்ததை நான் பார்த்ததில்லை. செய்து காட்டியவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன், அதிகமும் மதுரை, கோயம்புத்தூரில் இருக்கிற சின்ன நிறுவனங்களில். பாடம் நடத்துகிற அதே கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், போன வருடம் எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

எங்கள் லேபுக்கு இப்போது இன்னொரு இணைய இணைப்புக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. வரும் செமஸ்டரில் சனிக்கிழமையும் திறந்து வைக்கலாம் என்று பிரின்சிபல் சொல்லிவிட்டார், பேக்கெட் டிரேசருக்கு 34 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் 26 பேர் பெண்கள். அவர்களுடைய ஊர்ப்பக்கம் போகிற கட்டணமில்லாத டவுன் பஸ் கல்லூரி வாசலில் 5.10க்கு, அதை விட்டால் அடுத்தது ஏழரைக்குத்தான். அதனால் காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. மதியச் சாப்பாட்டுக்கும் லேபைப் பூட்டப்போவதில்லை, சாவி என்னிடம்தான் இருக்கிறது.